கோர்ட்டய்யாவின் மகள்

"மனசைத் தேத்திக்கம்மா" என்று அவளுடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்ட சலவைக்கடைக்காரர், பிடியை விடாமலேயே காதருகே குனிந்தார்.

"நம்ம சுவர்த் தகராறு கேஸு... அப்பா உங்கிட்ட சொல்லியிருப்பாரே?"

"எந்தச் சுவர்?"

"அவசரமில்லம்மா. எல்லாம் முடியட்டும். ஞாபகத்துல இருந்தாச் சரி."

அவர் நகர்ந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன்னறைக் கட்டிலில் அப்பா கழுத்துவரை போர்த்திக் கிடந்தார். நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் போன உயிர். சற்றுமுன் வந்த டீக்கடைக்காரரும் இப்படித்தான் குனிந்து தன் தம்பியின் விவாகரத்து எந்த மட்டில் இருக்கிறது என்று விசாரித்தார்.

கோர்ட்டில் அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கடைநிலை எழுத்தர். ஜன்னலில் மனு வாங்கி முத்திரை குத்துவாள். கட்டுகளை அறைக்கு அறை சுமப்பாள். வழக்கு எடுக்கும்போது நடைக்கு வந்து பெயரைக் கூவுவாள். நீதிபதி அவளிடம் நேரடியாகப் பேசியது ஒரே ஒரு முறை. ஃபேனைக் குறைக்கச் சொன்னார்.

பஸ் டிப்போவில் டயர் மாற்றியே முதுகு வளைந்த அப்பாவுக்கோ, அது தனக்கே கிடைத்த பதவி உயர்வு. டீக்கடையில் யாராவது எழுந்து அவருக்கு நாற்காலி போட்டார்கள். தெருவில் அவர் பெயரே 'கோர்ட்டய்யா' ஆயிற்று. அவளும் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறாள். வயதான காலத்தில் ஒரு சந்தோஷம், இருந்துவிட்டுப் போகட்டுமே. அந்த நாற்காலியில் உட்கார்ந்து யார் யாருக்கு என்னென்ன வாக்குக் கொடுத்தார் என்பது இன்றைக்குத்தான் ஒவ்வொன்றாக வெளியே வருகிறது.

அத்தை மூக்கைச் சிந்தினாள். "எத்தனை ஜனம் பாரு. எங்கண்ணன் சம்பாதிச்சது மனுஷங்களைத்தான்."

அவள் காலி டம்ளர்களைப் பொறுக்கினாள்.

எதுவும் கேட்காமல் வேலை செய்துகொண்டிருந்தது மாடி வீட்டுத் தையல்கார அக்கா மட்டும்தான். குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஆனாலும் ஆஸ்பத்திரியில் எல்லாமே அவள்தான். புதிதாகச் சேர்ந்தவளுக்கு லீவு கிடையாது என்று மேலதிகாரி கையை விரித்தபோது, "நீ வேலையைப் பாரு, நான் இருக்கேன்" என்று தைக்கக் கிடந்த துணிகளை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பியவள். அப்பாவுக்குக் கஞ்சி புகட்டினாள். முகம் மழித்துவிட்டாள். மலஜலம் எடுத்தாள். தனக்குக் கூடப் பிறந்தவள் ஒருத்தி இருந்தால்கூட இப்படிச் செய்வாளா என்று அவள் எத்தனையோ தடவை நினைத்ததுண்டு.

சமையலறையில் அக்கா பால் பொங்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு கேக்கலாமா? இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான்."

நீங்களுமா அக்கா என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"எம் பையன் விஷயம் என்னாச்சு?"

"உங்க பையனா? வெளியூர்ல வேலைன்னீங்களே?"

"ஜெயில்ல இருக்கான்னா சொல்லிக்கிட்டுத் திரிய முடியும்?" அக்கா பாலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கம்பெனியில நடந்த அடிதடியில நின்னவன் போனவனையெல்லாம் அள்ளிட்டுப் போனாங்க. நேத்துதானே ஜாமீனுக்கு எடுத்தாங்க. அப்பா உங்கிட்ட சொல்லலையா?"

"இல்லக்கா."

"சொல்லியாச்சுன்னாரே. வீட்டுல வெச்சு கேஸைப் பத்திப் பேசினா உன் வேலைக்கு ஆபத்து, அதனால நான் உங்கிட்ட வாயைத் திறக்கக் கூடாதுன்னாரே."

பால் எழும்பியது. அக்கா அடுப்பைத் தணித்தாள்.

"வீட்டு மனுஷங்க ஒருத்தர் வந்து நிக்கணும்னு வக்கீல் சொல்லியிருந்தாரு. நேத்து நான் கிளம்பிட்டேன், புடவைகூட மாத்திட்டேன். அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சிடுச்சு. எங்கையைப் பிடிச்சுக்கிட்டாரு. நீ எதுக்குப் போறே, எம்பொண்ணு ஜட்ஜய்யாகிட்ட எல்லாம் பேசி வெச்சிருக்கா, இங்கேயே இருன்னாரு. பிடிச்ச கையை விடவே இல்ல."

நேற்று கோர்ட்டில் அக்கா பையனின் பெயரைக் கூவியது அவள்தான். தெருவுக்கு ஒருவனுக்கு இருக்கும் பெயர், அவனாக இருக்கும் என்று தோன்றவேயில்லை. இரண்டு காவலர்களுக்கு நடுவே ஒரு பையன் வாசல் பக்கமே கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். இவனுக்குப் பொறுப்பேற்க வீட்டார் யாரும் வரவில்லையா என்று நீதிபதி கேட்டார். மூன்று முறை அழைப்பது வழக்கம். அழைத்தாள். படிக்கட்டுவரை இறங்கிப் போய்க்கூட அழைத்தாள். மனு தள்ளுபடியாயிற்று. உடனே அடுத்த பெயரைக் கூவினாள்.

'அடுத்த வாரம் பாத்துக்கலாம்க்கா, நான் பேசறேன்.' நாக்கு நுனியில் அது தயாராக வந்து நின்றது. அச்சு அசலாக அப்பாவின் குரல். சொல்லிவிட்டால் இன்றைய பொழுது ஓடிவிடும்.

"தள்ளிட்டாங்கக்கா" என்றாள்.

அக்கா திரும்பினாள்.

"வீட்டாளுங்க யாரும் வரலைன்னு. நான்தான் கூப்பிட்டேன். மூணு தடவை."

"நீயா?"

"அப்பா சொன்னதெல்லாம் பொய்யிக்கா. ஜட்ஜுக்கு எம்பேருகூடத் தெரியாது."

முன்னறையில் யாரோ செருமினார்கள். அக்கா கரித்துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டாள்.

"அவன் அங்க இருந்தானா?"

"இருந்தான்."

"என்னைத் தேடினானா?"

அவள் டம்ளர்களைத் தொட்டிக்குள் வைத்தாள். குழாயைத் திறக்கத் தோன்றவில்லை.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு முன்னறைக்குப் போனாள். அழத்தான் வருகிறாள் என்று எண்ணிக் கட்டிலைச் சுற்றியிருந்தவர்கள் வழிவிட்டார்கள். அவள் குனிந்து, ஆஸ்பத்திரியில் தண்ணீர் புகட்டும்போது செய்வதைப்போலவே இடது உள்ளங்கையை அப்பாவின் பிடரிக்குக் கீழே கொடுத்தாள். வலது கையால் தலையணையை மெல்ல உருவினாள்.

"என்னம்மா பண்றே நீ?" என்று அத்தை பாதி எழுந்தாள்.

"எம் பையனோடது" என்றாள் அக்கா. "ஆஸ்பத்திரித் தலகாணி குத்துதுன்னாரு. எடுத்துட்டு வந்து கொடுத்தேன்."

தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியேறினாள். படியேறும் சத்தமும், கதவைச் சாத்தித் தாழ்போடும் சத்தமும் கேட்டன.

"கேட்டியா அநியாயத்தை!" அத்தையின் குரல் உயர்ந்தது. "செத்தவர் தலைக்கு அடியில இருந்து..."

"விடுங்கத்தை. அவங்களோடதுதான்."

அப்பாவின் தலை கீழே இறங்கவில்லை. ராத்திரியோடு கழுத்து விறைத்திருந்தது. இல்லாத தலையணையின் மேல் அது அப்படியே நின்றது, யாரோ கூப்பிட்டதற்கு எழுந்திருக்கப் பார்க்கிறவர்போல. சலவைக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் கட்டிலோரம் உட்கார்ந்து, தலைக்கும் பலகைக்கும் நடுவே தன் உள்ளங்கையைக் கொடுத்தாள். கைமேல் பாரம் எதுவும் இறங்கவில்லை.