லமெக் செதுக்கிய சிலைக்கு இடுப்புத்துணி

என் கணவர் லமெக் பெரிய சிற்பி. எங்கள் ஊர் டெட்ஸாவில் இது தெரியாதவர் யாராவது இருந்தால் இவரே வீடு தேடிப் போய்ச் சொல்லிவிடுவார். இத்தனை காலம் சாலையோரத்தில் பயணிகளுக்கு நீர்யானை செதுக்கி விற்றவர். தன் பெயர் பொறித்து ஊர் நடுவில் நிற்கப்போகும் முதல் சிலை இது.

ஊருக்குப் பக்கத்துச் சொங்கோனிப் பாறைகளில் எங்கள் பெண்கள் பழங்காலத்தில் வெள்ளை மண்ணால் வரைந்த உருவங்களில் ஒன்றைப் பார்த்து, ஆளுயரக் கல்லில் செதுக்கி, ஊர் நடுவில் உள்ள பயணியர் விடுதி வாசலில் நிறுத்தினார். வயதுக்கு வந்த பெண்களுக்குச் சடங்கில் மட்டும் காட்டிச் சொல்லித்தரும் உருவம் அது. பொருள் என்னவென்று ஆண்களுக்குச் சொல்வதில்லை. உங்களுக்கும் சொல்லப்போவதில்லை. இவர் யாரையும் கேட்கவில்லை. 'ஆதி சக்தி' என்று தானே பெயர் வைத்துவிட்டார்.

சடங்கை நடத்துபவர் என் அம்மா. மருமகனோடு நேரில் பேசுவது மரியாதையில்லை என்பதால், அவருக்கு முதுகைக் காட்டி நின்று என்னிடம் பேசினார்.

"அத எடுத்துரச் சொல்லுடி உன் புருஷன."

"ஏன்னு கேளு உங்கம்மாவ."

"சொல்லக் கூடாதுன்னு சொல்லு."

"அப்ப எடுக்க முடியாதுன்னு சொல்லு."

இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். நடுவில் நான் எதற்கு நின்றேன் என்று தெரியவில்லை.

திறப்பு விழா அன்று காலை சிலையின்மேல் துணிகள். ஊர்ப் பெண்கள் ஆளுக்கு ஒன்றாக, இடுப்பில் கட்டுவதுபோலவே சுற்றி முடிந்திருந்தோம். சிலையைத் திறக்க வந்த ஊர்த்தலைவர் துணியை அவிழ்க்கக் கையை நீட்டினார், பிறகு இழுத்துக்கொண்டார். பெண் முடிந்த துணியைச் சபையில் அவிழ்த்த ஆண் மறுநாள் தலைவராக இருக்க முடியாது.

"அடக்கமான சிலை," என்று பாராட்டிவிட்டு உட்கார்ந்தார்.

லமெக்குக்குக் கோபம் தலைக்கேறியது. மேலே இருந்த பச்சைத் துணி என்னுடையது. பெண்டாட்டி துணிதானே என்று உருவிவிட்டார். அடியில் இருந்தது மாமியாருடையது. கூட்டம் அவர் கையையே பார்த்தது. கை இறங்கிவிட்டது.

அன்று மாலை எங்கள் மகள் தடாலா, பெண்களுக்கான அந்தச் சடங்கு முடிந்து வீடு திரும்பினாள். சடங்கில் மழித்த தலை எண்ணெயில் மின்னியது. பள்ளியில் யார் யாரை அடித்தார்கள் என்பதுவரை அப்பாவிடம் ஒப்பிக்கிற பிள்ளை.

"நீயாவது சொல்லும்மா. அப்பா அப்படி என்னத்தச் செஞ்சு வெச்சிருக்கேன்?"

அவர் கெஞ்சியதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. தடாலா என்னைப் பார்த்தாள். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அப்பாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"சொல்லக் கூடாதுன்னு அப்பாகிட்ட சொல்லும்மா."