கஜந்தியின் வயலின் கக்கிய சளி

கொழும்பிலிருந்து வந்த புதுப் பெட்டிக்குள் வைத்த மூன்றாம் நாள் கஜந்தியின் வயலின் சளி கக்கியது. சிவப்பு வெல்வெட் முழுக்க மஞ்சளாய், நூல் நூலாய், அழுகின இறால் நாற்றத்தோடு. ஓர்ஸ் ஹில்லில் பதினான்கு பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுத்துக் குடும்பம் நடத்துகிறவள் அவள். பழைய பெட்டியைக் கறையான் தின்றதால்தான் புதியதை வாங்கினாள். துடைத்து வெயிலில் வைத்தாள். உள்ளே வைத்ததும் திரும்பக் கக்கியது. தோளில் மாட்டுகிற பஞ்சுப் பை வாங்கினாள். அதற்குள் சளி பச்சையாகி, செதிலும் சேர்ந்து வந்தது. கிண்ணியாத் தையல்காரி ஜெமீலா பருத்தித் துணியில் ஒரு உறை தைத்துக் கொடுத்தாள். அதில் புழு நெளிந்தது. ஆறு மாதத்தில் ஏழு உறைகள் குப்பைக்குப் போயின, பத்துப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். தொட்ட கையால் அவளுக்குச் சோறு தின்ன முடியவில்லை.

"வேற ஒண்டு வாங்குமன்," என்றான் கணவன் தனஞ்சயன்.

"வாங்கி வாசிச்சுப் பாத்தனான். இருவத்திரண்டு வருசம் இதிலை பழகின விரல், மற்றதிலை ஓடுதில்லை."

சொன்னாளே தவிர, ஒரு காலை அருவருப்புத் தாங்காமல் அதைக் கடலில் எறிந்துவிடவென்றே மீன் இறங்குதுறைக்குக் கொண்டுபோனாள். மீன் வியாபாரி றுவைஸ் மறித்து விசயத்தைக் கேட்டார்.

"எறியாதீங்க டீச்சர். கொஞ்சம் இதுக்குள்ள வச்சுப் பாருங்க."

அவர் நீட்டியது சூரை மீன் ஏற்றிய, வெள்ளை நுரையாலான றெஜிபோம் பெட்டி. மூலையில் இரத்தம் உறைந்திருந்தது, குடல் ஒன்று ஒட்டிக் கிடந்தது. வயலினை வைத்தார்கள். ஒரு நிமிடத்தில் சளி வற்றியது, மரம் பளபளத்தது, நான்கு தந்தியும் தாமாகவே சுருதிக்கு வந்தன. கஜந்தி ஓரமாய்ப் போய்க் குடல் வெளியே வரும்படி வாந்தியெடுத்தாள்.

பெட்டியைக் கழுவிப் பார்த்தாள். கழுவினால் வயலின் கக்கியது. அதனால் கழுவுவதில்லை. தனஞ்சயன் கட்டிலை விறாந்தைக்கு மாற்றிக்கொண்டான். நின்ற பிள்ளைகளில் ஆறு பேர் முகக்கவசத்தோடு திரும்பி வந்தார்கள். அவளுக்கோ அருவருப்பு ஒரு நாளும் குறையவில்லை. திறக்கும்போதெல்லாம் ஓங்காளித்துவிட்டுத்தான் வயலின் வில்லை எடுப்பாள்.

போன தை மாதம் கந்தளாயில் கச்சேரி. பெட்டியை வெளியே வைக்கச் சொன்னார்கள், அவள் ஏலாது என்றாள். முன்வரிசைக்காரர் எழும்பிப் பின்னுக்குப் போனார்கள். இலையான்கள் அவளைச் சுற்றி மொய்த்தன. ஒன்றரை மணித்தியாலம் சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டது. முடிந்ததும், கைதட்ட மூக்கை விட வேண்டியிருந்தது. விட்டார்கள்.