தேய்மானம் நீங்கலாக

சி.ஏ. இண்டர் பரீட்சையில் மூன்று முறை தோற்றவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் வரப்போகும் அறிவாளித்தனத்தைப் பார்த்து நீங்கள் ஏமாந்துவிடக்கூடும். நானே ஏமாந்தேன்.

கீரமங்கலத்தில் எங்கள் பந்தல், வாடகைப் பாத்திரக் கடைக்குப் பதினோரு வயது. எங்கள் என்றால் நானும் முகமது அஸ்வரும், ஆளுக்குப் பாதி. பந்தல்கால் நடுவது, அண்டாவைக் குட்டியானை வண்டியில் ஏற்றுவது, கல்யாணம் முடிந்த மறுநாள் போய்க் கரண்டி எண்ணி வாங்குவது, போதையில் நாற்காலியை உடைத்தவனின் அப்பாவைத் தேடிப் பிடிப்பது எல்லாம் அவன். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பில் போடுவது நான். இந்தப் பங்கீட்டில் ஒரு குறையும் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. பாத்திரங்களில் ‘ர.அ.’ என்று பேர் வெட்டியிருப்போம். ரகுநாத், அஸ்வர். என் எழுத்து முதலில்.

போன தை மாதம் திருச்சியில் ஒரு ஓட்டல் மாடியில் நடந்த ஒருநாள் தொழில் வகுப்புக்குப் போனேன். கட்டணம் ஐயாயிரத்துக்கு ஒரு ரூபாய் குறைவு, மதியச் சாப்பாடு உட்பட. கோட்டுப் போட்ட ஒருவர் எபிட்டா என்று ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார். ஒரு கம்பெனி எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டுமானால் வட்டியைக் கழிக்காதே, அது நீ கடன் வாங்கிய லட்சணம். வரியைக் கழிக்காதே, அது அரசாங்கத்தின் பாடு. தேய்மானத்தைக் கழிக்காதே, அது ஏட்டில் எழுதுவதுதான், இந்த வருஷம் கையை விட்டுப் போகிற காசு இல்லை. கடையின் பேருக்கென்று குட்வில் கொடுத்திருந்தால் அதை வருஷா வருஷம் கரைத்து எழுதுவாயே, அதையும் கழிக்காதே. கூலி, டீசல், வாடகை போன்ற அன்றாடச் செலவை மட்டும் கழித்தால் நிற்பது எபிட்டா. தொழிலின் தெம்பு அதில் தெரியும் என்றார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. வாழ்க்கையில் என்னை அழுத்திய எல்லாவற்றையும் கழிக்க வேண்டாம் என்று ஒருவர் முதன்முதலாகச் சொல்லியிருக்கிறார்.

மதியத்துக்கு மேல், ‘எபிட்டா எங்கே பொய் சொல்லும்’ என்று ஒரு வகுப்பு இருந்ததாம். பிரியாணி பலமாக இருந்ததால் நான் கண்ணயர்ந்துவிட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே கணக்குப் போட்டேன். வருஷ வசூல் இருபத்திரண்டு லட்சம். ஆடியில் மற்ற ஊர்ப் பந்தல்காரர்கள் எல்லாம் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். எங்கள் பக்கம் மட்டும், ஊரைக் கூட்டிச் சோறு போட்டு மொய் வாங்கும் மொய்விருந்துக்குப் பந்தல் கிடைக்காமல் அடிதடி நடக்கும். கூலி, டீசல், குடோன் வாடகை, எங்கள் இருவர் சம்பளம் எல்லாம் சேர்த்துப் பதின்மூன்று லட்சம். எபிட்டா ஒன்பது. இந்த மாதிரித் தொழிலுக்கு எபிட்டாவைப் போல ஆறு மடங்கு விலை என்று கோட்டுக்காரர் சொல்லியிருந்தார். ஐம்பத்திநாலு லட்சம். புதுக்கோட்டை தாண்டுவதற்குள் நான் பாதி ஐம்பத்திநாலு லட்சாதிபதி.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கலைமதியிடம் சொன்னேன். எங்கள் வீடு என்பது பேஸ்மட்டத்தோடு நின்றுபோன ஒன்று. அதில் அப்போது பக்கத்து வீட்டு ஆடுகள் குடியிருந்தன. நாங்கள் வாடகை வீட்டில்.

“பாதிக்கே இருவத்தேழு லட்சம்,” என்றேன்.

“பேங்க்ல இருக்குதாங்க?”

“கடையோட மதிப்பும்மா அது.”

“பேங்க்ல நமக்கு எவ்வளவு இருக்கு?”

“எட்டு.”

“அப்ப எட்டுல தளம் வரைக்கும் வருமான்னு கொத்தனார்கிட்ட கேளுங்க,” என்று சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பப் போய்விட்டாள்.

மறுநாள் அஸ்வருக்கு வகுப்பெடுத்தேன். அவன் நாற்காலிகளைப் பத்துப் பத்தாக அடுக்கிக்கொண்டே கேட்டான்.

“அப்ப போன வருசம் ஒடஞ்சதுக்குப் பதிலா வாங்குனோமே முந்நூறு சேரு, அது?”

“அது முதலீடு.”

“சாமியானா கிழிஞ்சு புதுசு எடுத்தோமே?”

“அதுவும் முதலீடு.”

“ஒடையிறது தேய்மானம், வாங்குறது முதலீடு. செலவுன்னா எதுதான் மாப்ள?”

“டீசல்,” என்றேன்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “நல்லாருக்கு மாப்ள. இப்புடியே போனா நமக்கு நட்டமே வராது போலருக்கே.” நானும் சிரித்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையிலேயே புரிந்துதான் இருந்தது.

திருச்சியில் கல்யாண ஏற்பாட்டுக் கம்பெனி ஒன்று சின்னப் பந்தல் கடைகளை விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தது. நான் கலரில் ஒரு ஃபைல் அடித்து அனுப்பினேன். சித்திரையில் அங்கிருந்து ஷர்லி என்ற பெண் வந்தார். முப்பது வயது இருக்கலாம். ஃபைலைத் திறந்து முதல் பக்கத்தைச் சத்தமாகவே படித்தார்.

“நிறுவனர், தலைமை நிதி அதிகாரி, ரகுநாத். களப்பணியாளர், முகமது அஸ்வர்.” நிமிர்ந்து, “அஸ்வர்ங்கிறது யாரு சார்? அவர்கிட்டதான் நெறையக் கேக்கணும்,” என்றார்.

அஸ்வர் அவருக்காக டீ வாங்கிக்கொண்டு வாசலில் நின்றான். டீயை மேசையில் வைத்தான். “நான்தாங்க களப்பணி,” என்றான்.

அந்த வரியை நான் ஏன் அப்படி அடித்தேன்? பார்ப்பதற்குக் கம்பெனி மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தேன். பொய். என் பேர் மட்டும் பெரிதாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஷர்லி ஃபைலை மூடி வைத்துவிட்டுக் குடோனுக்குப் போனார். நாற்காலிக் கால்களை முட்டியால் அழுத்திப் பார்த்தார். நாலில் ஒன்று விரிசல். கரண்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தார். மூன்றில் ஒன்றில் வேறு யார் யாரோ பேர். எங்கள் பக்கத்தில் இது சகஜம்: வாடகைக்கு எடுத்தவர்கள் கரண்டி தொலைந்தால் எண்ணிக்கையைச் சரிக்கட்ட எவன் வீட்டுக் கரண்டியையாவது போட்டுக் கணக்கைத் தீர்ப்பார்கள்.

“வருஷா வருஷம் புதுசா வாங்காம இந்தக் கடை எத்தனை நாள் ஓடும் சார்?”

நான் எபிட்டாவை விளக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அஸ்வர், “ஒரு ஆடி தாங்காதுங்க. வருசத்துக்கு அஞ்சு லட்சத்துக்கு வாங்கணும்,” என்றான்.

“அப்ப அஞ்சு போச்சு. ஜெனரேட்டர், வண்டிக் கடன் வட்டி ஒன்றரை. வரி ஒரு அரை. நிக்கிறது ரெண்டு.” ஷர்லி கால்குலேட்டரைக்கூட எடுக்கவில்லை. “எபிட்டா தப்பில்ல சார். நாங்களும் பாப்போம். ரெண்டு பந்தல் கடைய ஒப்பிட்டுப் பாக்க அது நல்ல அளவு. ஆனா நாற்காலி ஒடையிற தொழில்ல அதோட நிறுத்திக்கக் கூடாது. கடனை நாங்க ஏத்துக்கிறோம். நிக்கிற ரெண்டுக்கு ஏழு மடங்கு, பதினாலு லட்சம் தரலாம்.”

“உங்களுக்கு ஃபைனான்ஸ் தெரியலை,” என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன வாக்கியங்களில் மிக அசட்டுத்தனமானது எது என்று யாராவது போட்டி வைத்தால் இதை அனுப்புவேன். அவர் டீக்கு நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த சில நாட்கள் அஸ்வர் குடோனிலேயே இருந்தான். பில் புத்தகத்தை வாங்கும்போது, “களப்பணிக்கு ஒரு புக்கு குடுங்க சார்,” என்று ஒரு தடவை சொன்னான். நான் கேலி என்று எடுத்துக்கொண்டேன். இடையில், அவன் மனைவி ரோஷன் பேகத்தின் அண்ணன் மஸ்கட்டிலிருந்து அடிக்கடி பேசுகிறார் என்று கலைமதி சொன்னாள். அஸ்வர் மஸ்கட் போகப்போகிறான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தவன், எதிரில் உட்கார்ந்தான்.

“மாப்ள, பிரிச்சுக்குவோம்.”

எனக்குத் திக்கென்றது. பதினோரு வருஷம். என் தங்கை கல்யாணத்தில் சாப்பிடாமல் நின்று பந்தி பார்த்தவன். ஆனால் அந்தத் திக் அடங்குவதற்குள் மண்டைக்குள் கால்குலேட்டர் தட்டத் தொடங்கிவிட்டது. அவன் பாதியை நான் வாங்கிவிட்டால் ஐம்பத்திநாலும் எனக்கு.

“எப்புடிப் பிரிக்கிறது?”

“நம்ம ஊர்ல எப்புடிப் பிரிப்பாங்க? மூத்தவன் பங்கு வைக்கணும், எளையவன் எடுக்கணும். நீ எனக்கு நாலு மாசம் மூத்தவன். பாதிக்கு என்ன வெலைன்னு நீ சொல்லு. கடையா காசான்னு நான் எடுத்துக்கிறேன்.”

இந்த வழக்கம் எதற்காக இருக்கிறது என்று எங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் தெரியும். பங்கு வைக்கிறவன் கோணல் செய்தால் அது அவன் தலையிலேயே விடியும். சி.ஏ. இண்டர் மூன்று முறை எழுதியவனுக்கு மட்டும் தெரியவில்லை. மஸ்கட் போகிறவன் காசைத்தானே எடுப்பான்? விலையைக் குறைத்தால் எனக்கு லாபம். பேங்கில் இருந்தது எட்டு. அதற்குள் முடிக்க வேண்டும்.

ஷர்லி சொன்ன அத்தனையையும் ஒன்று விடாமல் சொன்னேன். நாற்காலி விரிசல், அடுத்தவன் பேர் வெட்டிய கரண்டி, ஜெனரேட்டர் வட்டி, வரி. சாமியானாவை எலி கடித்ததை நானாகச் சேர்த்துக்கொண்டேன். தையிலிருந்து கழிக்காமல் விட்டதையெல்லாம் ஒரே மூச்சில் கழித்தேன். “நிக்கிறது ரெண்டு. மொத்தமே பதினாலுதான் அஸ்வர். பாதி ஏழு.”

“அம்பத்திநாலுன்னியே மாப்ள?”

“அது வெளியாளுக்குச் சொல்ற கணக்கு.”

“இது?”

“இது நமக்குள்ள.”

அவன் என்னையே பார்த்தான். “நல்லா யோசிச்சுச் சொல்லு. ஏழுதானா?”

“ஏழே கொஞ்சம் தாராளம்தான்,” என்றேன். ஆமாம், அதையும் சொன்னேன்.

“சரி. கடைய நான் எடுத்துக்கிறேன்.”

“மஸ்கட்?” என்றேன்.

“மஸ்கட்டுக்கு யாரு போறா? மச்சான் பணம் அனுப்புறேன்னாரு. திங்கக்கெழம ஒன் அக்கவுண்ட்ல ஏழு வந்துரும்.” எழுந்து நின்றான். அப்புறம் என்ன நினைத்தானோ, மறுபடியும் உட்கார்ந்தான். “அம்பத்திநாலுன்னு நீ சொன்னப்ப எனக்குச் சிரிப்பாத்தான் இருந்துச்சு. களப்பணின்னு போட்டப்பகூட, போறான் கிறுக்குப் பயன்னு விட்ருப்பேன். இன்னைக்கி நீ ஒரு பன்னெண்டுன்னு சொல்லிருந்தா கடையும் வேணாம் காசும் வேணாம், சேந்தே இருப்போம்னு பந்தல் போடப் போயிருப்பேன். ஏழுன்னுட்ட. அதுலயும் தாராளம்.”

எனக்கு அழுகை வந்தது. அதை அடக்க, பில் புத்தகத்தின் நடுவிலிருந்த கார்பன் தாளை எடுத்து நேராக வைத்தேன்.

திங்கட்கிழமை ஏழு வந்தது. எட்டோடு ஏழும் சேர்ந்து ஆறே மாதத்தில் வீடு எழுந்துவிட்டது. ஆடுகள் வெளியேறின. கலைமதிக்குச் சந்தோஷம். என் எபிட்டாவால் இந்த உலகத்தில் விளைந்த ஒரே நன்மை அவள் வீடு. நான் புதுக்கோட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்து, ஊரார் தேய்மானத்தையெல்லாம் ஒழுங்காக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பால் காய்ச்சுக்கு நூறு நாற்காலியும் பாத்திரமும் அஸ்வர் கடையிலிருந்துதான் வந்தன. அவனே வந்து இறக்கினான். என்னைப் பார்த்து, “எங்கிட்டுப் போடணுங்க?” என்றான். அந்த ‘ங்க’ என்னைப் பொளேரென்று அறைந்தது. மறுநாள் எண்ணும்போது சாதக்கரண்டி ஒன்று குறைந்தது. எண்ணிக்கையைச் சரிக்கட்ட என் கையும் எங்கள் வீட்டுக் கரண்டியை நோக்கித்தான் போனது. நல்லவேளை, கலைமதி பார்த்துவிட்டாள். காசு தருகிறேன் என்று அஸ்வரிடம் சொன்னேன். “விடுங்க. தேய்மானத்துல எழுதிக்கிறேன்,” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். சிரிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மிச்ச மணலை அள்ளும்போது கரண்டி கிடைத்தது. ‘ர.அ.’ என்று அப்படியே இருந்தது.

“கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க,” என்றாள் கலைமதி.

இன்று, நாளை என்று பன்னிரண்டு நாள் கடத்தினேன். கொடுத்துவிட்டால் அப்புறம் அந்தக் கடைக்குப் போக எனக்கு ஒரு காரணமும் இருக்காது. பதின்மூன்றாம் நாள், கரண்டியை ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.

அஸ்வர் என் பழைய மேசையில் உட்கார்ந்து பில்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கூட்டல் அவனுக்கு எப்போதுமே தகராறு. கரண்டியை வைத்தேன். திருப்பிப் பேர் பார்த்தான். என்னைப் பார்த்தான். பில் புத்தகத்தை என் பக்கம் தள்ளினான்.

“ஒக்காரு. இதக் கூட்டிக் குடு.”

பக்கத்திலிருந்த நாற்காலியைக் காலால் நகர்த்தினான். பின்கால் விரிசல் விட்ட நாற்காலி. எனக்குத் தெரியும், போன வருஷக் கணக்கில் அதைக் கழிக்காமல் விட்டவனே நான்தான். முழு எடையையும் வைக்காமல், பார்த்து உட்கார்ந்தேன்.