பாவாவுக்கு இன்னொரு படம்

பிரபாவதிக்கு வயிறு பற்றி எரிந்தது. திருத்தணியில் புதிதாகத் திறந்த ஸ்கேன் சென்டருக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா? படம் எடுக்கும் வேலைக்கு வந்திருப்பவள் வரலட்சுமி. பிரபாவதியின் கணவன் கோதண்டத்துக்கு மாமன் மகள். ஒரு காலத்தில் அவனுக்கென்று பேசி வைத்திருந்த பெண்.

போன வருஷம் கோதண்டத்தின் கழுத்தில் புற்றுக்கட்டி வந்து, சிகிச்சை முடிந்திருந்தது. அது திரும்பியிருக்கிறதா என்று உடம்பு முழுக்கப் பார்க்கத்தான் இந்த பெட்-சிடி ஸ்கேன். ஊசி போட்டபின் உடம்பில் கதிர்வீச்சு இருக்கும், கிட்டே யாரும் உட்காரக் கூடாது என்று பிரபாவதியை வெளியே நிறுத்திவிட்டார்கள். கட்டியவள் வெளியே, பேசி வைத்தவள் உள்ளே. கதவு திறக்கும்போதெல்லாம் "தண்ணி குடிங்க பாவா" என்ற குரல் மட்டும் வந்தது. அத்தானை அழைக்கும் அந்தப் பாவாவுக்குத்தான் எவ்வளவு இழுவை!

ஒருவழியாகக் கோதண்டம் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். பின்னாலேயே வரலட்சுமி.

"பாவா, இன்னும் கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு பாத்ரூம் போய்ட்டு வாங்க. இன்னொரு படம் எடுக்கணும்."

பிரபாவதி பொங்கிவிட்டாள். "எடுத்தது போதும்! காலைலேர்ந்து உள்ளயே வெச்சிகினு கீறே. இன்னும் பாத்துகினே இருக்கணுமா? வாய்யா, போலாம்." அவன் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்தும் வந்துவிட்டாள்.

வரலட்சுமி குறுக்கே வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "என்னை எவ்ளோ வேணா திட்டுங்கக்கா. டாக்டராண்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போங்க."

டாக்டர் திரையைக் காட்டினார். "கழுத்து சுத்தமா இருக்கும்மா. ஆனா சிடி படத்துல இடது கிட்னில ஒரு சின்ன வீக்கம் தெரியுது. ஊசி மருந்து சிறுநீர்ல வெளிய போறதால கிட்னி முழுக்க பளிச்சுனு கீது, ஒண்ணும் பிரிச்சுப் பாக்க முடியல. மருந்து கழிஞ்சப்புறம் எடுத்தா, அந்த வீக்கத்துல மட்டும் வெளிச்சம் தங்குதான்னு தெரியும்."

பிரபாவதியின் பிடி தானாக விட்டது.

இரண்டாவது படத்தில் வெளிச்சம் தங்கியிருந்தது. அனேகமாகப் புற்றுக்கட்டிதான் என்றார் டாக்டர். வேறு எதையோ தேடப் போய், சின்னதாக இருக்கும்போதே அகப்பட்டுக்கொண்டது, ஆபரேஷனில் எடுத்துவிடலாம் என்றார்.

பிரபாவதி திரும்பிப் பார்த்தாள். வரலட்சுமி சுவரோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இதிலும் முந்திக்கொண்டாளே என்று ஆத்திரமாக வந்தது. முதலில் அழவேண்டியவள் நானல்லவா? ஆனால் அவனை இழுத்துக்கொண்டு பஸ் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்ததும் வரலட்சுமியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஆபரேசனுக்கு அப்புறம் எப்ப படம் எடுத்தாலும் நீதான் எடுக்கணும்," என்றாள், தரையைப் பார்த்தபடி. "பாவான்னு மட்டும் கூப்புடாத."

"ஆங், சரிக்கா."

அந்தச் சரியில் ஒரு சிரிப்பு இருந்ததுபோலப் பட்டது. பிரபாவதி அதற்கும் சேர்த்து அழுதாள்.