கீழே வலது பக்கம்

அந்தச் செயலியைச் செய்தவர்களை வரிசையாக நிற்க வைத்து, ஆளுக்கொரு ரப்பர் கையுறையை மாட்டிவிட்டு, கண் கூசும் வெயிலில் வயல் ஓரத்தில் கைபேசியைத் தட்டச் சொல்ல வேண்டும் என்று ஸ்னெஷானாவுக்குத் தோன்றியதெல்லாம் பிற்பாடுதான். வெள்ளிக்கிழமை மதியம் வரை அவளுக்கு அதன்மேல் வெறும் எரிச்சல் மட்டுமே இருந்தது.

தோப்ருஜா சமவெளியில் ஒரு பெரிய பண்ணைக்கு அவள்தான் வேளாண் அலுவலர். கடுகு மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும்போது பூச்சி மருந்து அடிப்பதென்றால், இரண்டு நாள் முன்னதாகச் சுற்றுவட்டாரத்தில் தேனீ வளர்ப்பவர்களுக்கு அறிவிப்பு போயாக வேண்டும். அவர்கள் பெட்டிகளை மூடி வைத்துக்கொள்வார்கள். மூன்று வருடமாக அறிவிப்பெல்லாம் செயலி வழியாகத்தான்.

அலுவலகக் கணினியில் கீழே வலது பக்கம் பச்சையாக ‘அனுப்பு’ இருக்கும், இடது பக்கம் சிவப்பாக ‘ரத்து’. அவள் கை அந்த இடத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டே போகும். கைபேசியிலோ அதே செயலி வேறு ஜென்மம் எடுத்திருக்கும். பட்டியல் எங்கேயோ மூன்று கோட்டுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பொத்தான்கள் இரண்டும் ஒரே அழுக்குச் சாம்பல் நிறம், அதுவும் இடம் மாறி. எதை அமுக்கினாலும் ‘செயல் முடிந்தது’ என்று ஒரே பல்லிளிப்பு.

புதன்கிழமை அவள் வயலில் நின்று கடுகைத் தின்னும் வண்டுகளை எண்ணிப் பார்த்தாள். இனி தாங்காது என்று அங்கேயே கைபேசியில் அறிவிப்பை எழுதி, கீழே வலது பக்கம் அமுக்கினாள். ‘செயல் முடிந்தது’ என்றது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை என்றார்கள். அதனால் காலையிலேயே மருந்து வண்டி வயலில் இறங்கியது.

அன்று மதியம் வெல்சோ ஒரு வாளியோடு அலுவலகத்துக்குள் வந்தார். அறுபது வயது, நூற்று நாற்பது தேன்பெட்டிகள், மனைவி போனபின் வேறு துணையில்லை. வாளியை அவள் மேசைமேல் கவிழ்த்தார். செத்த தேனீக்கள் ஈரக் குப்பையாகச் சரிந்தன. சில இன்னும் நாக்கை நீட்டித் துடித்துக்கொண்டிருந்தன.

“ஏன் சொல்லல?”

“அண்ணே, புதன்கிழமையே அனுப்பிட்டேன். இங்க பாருங்க.” கணினியைத் திருப்பிக் காட்டினாள். பட்டியலில் இருந்தது: புதன், மருந்தடிப்பு அறிவிப்பு, அவள் பெயர். “உங்களுக்குப் போனைப் பாக்கற வழக்கமே கிடையாது. ரெண்டு கிளாஸ் ராக்கியா உள்ள போனா உலகமே மறந்துடும். அதுக்கு நானா பொறுப்பு?”

வெல்சோ திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

மேசையைத் துடைத்த பிறகுதான் ஏதோ உறுத்தி, கைபேசியை எடுத்துப் பார்த்தாள். அதே புதன், அதே அறிவிப்பு. பக்கத்தில் பொடி எழுத்தில் ‘ரத்து’. கணினியில் அந்த ஒரு சொல்லைக் காட்டவே இடமில்லை.

செயலியின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். ஒருவன் தேனொழுகப் பேசினான்.

“கம்ப்யூட்டர்ல வர்றது ஒரு டீம் செஞ்சது மேடம். போன்ல வர்றது வேற டீம்.”

“ரெண்டு டீமும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கவே மாட்டீங்களா?”

“அவங்க மூணாவது மாடி மேடம். போகப் போகப் பழகிடும்.”

அடுத்து பண்ணைத் தலைவர் க்ரூமோவ். அவள் நடந்ததைச் சொன்னபோது அவர் பாலாடைக்கட்டி வைத்த பனீட்சாவைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய் விரலை நக்கியபடியே சிரித்தார்.

“கம்ப்யூட்டர்ல இருக்குல்ல? அதைப் பிரிண்ட் எடும்மா. திங்கக்கிழமை விசாரணைக் குழு வரும், கையெழுத்துப் போடும், போயிடும். உன் போனை எவன் கேக்கப் போறான்?”

“அப்போ வெல்சோ அண்ணன்?”

“சொல்லியும் பெட்டிய மூடலைன்னு எழுதுவாங்க. இழப்பீடு கிடையாது. உனக்கு வேலை வேணுமா, கிழவனோட பூச்சி வேணுமா?”

அவர்மேல் அவளுக்கு அருவருப்பு வந்தது. ஆனாலும் அச்செடுத்தாள். அதுதான் கேவலம். இரண்டு நாள் அந்தத் தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஒழுங்காகச் சாப்பிடவும் முடியாமல் திரிந்தாள்.

திங்கட்கிழமை வெல்சோவின் தோட்டத்தில் நாற்றம் மூக்கைத் துளைத்தது. பெட்டிகளுக்கு முன்னால் அழுகிக் கிடந்ததை அவர் மண்வெட்டியால் அள்ளிக்கொண்டிருந்தார். குழுவின் கால்நடை மருத்துவர் கேட்டார்: “அறிவிப்பு போனதுக்கு ஆதாரம் இருக்கா?”

க்ரூமோவ் முழங்கையால் அவளை இடித்தார். ஸ்னெஷானா கைப்பையைத் திறந்தாள். தாள் கையில் பட்டது. அதை விட்டுவிட்டுக் கைபேசியை எடுத்து நீட்டினாள்.

“போகல. நான்தான் தெரியாம ரத்து பண்ணிட்டேன். கம்ப்யூட்டர்ல காட்டறது பொய்.”

க்ரூமோவ் கெட்ட வார்த்தை ஒன்றைத் துப்பிவிட்டு வண்டியை நோக்கி நடந்தார். மருத்துவர் எழுதிக்கொண்டார். இழப்பீடு உறுதி. வேலை போனாலும் போகட்டும் என்று அவளுக்கு நெஞ்சு சற்றே லேசானது. அந்தத் தெம்பில் வெல்சோவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள்: இடம் மாறிய பொத்தான்கள், சாம்பல் நிறம், மூன்றாவது மாடி.

வெல்சோ மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கடைசி வரை கேட்டார்.

“புதன்கிழமை எங்க நின்னே?”

“அதோ, அந்த வயல் ஓரத்துல.”

“என் பெட்டியெல்லாம் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்குமே.”

“தெரிஞ்சுதுண்ணே.”

“மூணு வருஷம் முன்னாடி வரைக்கும் ஒவ்வொரு தடவையும் நீயே கூப்பிடுவே. ‘அண்ணே, பெட்டிய மூடுங்க’ன்னு ரெண்டே வார்த்தை. அன்னிக்கும் உன் கையில இருந்தது போன்தானே?”

வெல்சோ குனிந்து அடுத்த பெட்டியின் முன்னால் கிடந்ததை அள்ளத் தொடங்கினார்.