ஒரே ஒரு பிளக் பாயின்ட்

என் வீட்டுக்காரர் எடுத்த படத்தில், மீட்டிங் ரூமில் மாட்டிக்கொண்ட ஆபீசர்கள் சாயங்காலத்துக்குள் காட்டுமிராண்டிகளாகி, கடைசி ரொட்டித் துண்டுக்கு அடித்துக்கொள்ள வேண்டும். நடித்தவர்கள் எல்லாரும் இவருடைய நண்பர்கள், நிஜத்திலும் கௌரவமான உத்தியோகஸ்தர்கள். அதுதான் வினை.

"நீங்க எடுத்துக்கோங்க சார்," என்றார் பேங்க் மேனேஜர், நான் பழைய கம்பளியில் தைத்துக் கொடுத்த புலித்தோலைச் சரிசெய்தபடி.

"ஐயோ, நீங்க பெரியவங்க. முதல்ல நீங்க கடிங்க," என்றார் கணக்கு வாத்தியார்.

'கட்' சொல்லிச் சொல்லி இவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. இரவல் வாங்கிய அந்த அறையைச் சாயங்காலம் காலி செய்தாக வேண்டும். அதற்குள் படம் முடியாவிட்டால் என் அப்பாவின் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். மாதச் சம்பளம் என்று நினைத்தால் எனக்கு இனிக்கத்தான் செய்தது. ஆனால் மூலையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. வேலைக்குப் போனால் தினமும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.

டீ குடிக்க விட்டதும் எல்லாரும் போனைச் சார்ஜ் போடச் சுவரோரம் போனார்கள். நான் வராந்தாவிலிருந்த மெயின் போர்டில், ஒரே ஒரு பிளக்கை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அணைத்தேன். திரும்பி வந்து கேமராக்காரரிடம் கண்ணைக் காட்டினேன்.

மேனேஜர் வாத்தியாரின் சார்ஜரைப் பிடுங்கினார். வாத்தியார் புலித்தோலைப் பிடித்து இழுத்தார்.

"அப்பலேர்ந்து நீதானடா சார்ஜ் போட்டிருக்க. கைய எடுடா," என்று கத்தினார் மேனேஜர்.

சார் போய் டா வந்துவிட்டது. விலக்கிவிடப் போன என் வீட்டுக்காரர், தன் போனும் சாகக் கிடக்கிறது என்பது நினைவுக்கு வந்து, மேனேஜரின் கையைக் கடித்தே விட்டார்.

பிறகு கேமராவில் அதைப் பார்த்தவர், ரொட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு அதையே முடிவாக வைத்தார். மற்ற பிளக்குகளை அணைத்தது யார் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

படம் காட்டிய அன்று அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"மாப்பிள்ளைக்கு நம்ம கம்பெனியில ஒரு சீட் வெச்சிருந்தேன்மா," என்றார் வெளியே வரும்போது.

"வெச்சிருந்தீங்களா? இப்ப இல்லையா?"

"வேண்டாம்மா. கடிக்கிறவங்க அங்க ஏற்கெனவே நெறைய பேர் இருக்காங்க. இவரு இங்கயே கடிக்கட்டும்."

எனக்கு வயிறு குளிர்ந்தது. திரும்பிப் பார்த்தால், இவர் கையில் சார்ஜரோடு சுவர் சுவராகத் தேடிக்கொண்டிருந்தார். மேனேஜர் தள்ளியே நின்றார்.