கடைசி நாற்காலியின் துடைப்பம்

வெண்டெலினுக்கு அவன் வாய்தான் எதிரி. மற்றபடி நல்ல மனுஷன். கார்னெக் மலையின் மேல் நிலையத்தில் எத்தனையோ குளிர்காலமாக, கம்பியில் நாற்காலிகள் தொங்கிப் போகும் லிஃப்டை ஓட்டுகிறான். இறங்குகிற ஒருவருக்குக்கூடக் கால் சுளுக்கியதில்லை. ஆனால் நேற்று மதியம், பக்கத்துக் குடிலில் சாப்பாட்டுக் கூட்டம் நெரிந்துகொண்டிருந்த நேரம் பார்த்து, தன் மனைவி சென்சி சமைத்த ரொட்டி உருண்டையை முள்கரண்டியில் குத்தித் தூக்கிக் காட்டினான். லிஃப்ட் கம்பிக்கு ரொம்ப நாளாக எடைக்கல் தேடிக்கொண்டிருந்தோம், இதோ கிடைத்துவிட்டது என்றான். மேசைக்கு மேசை சிரிப்பு. சென்சி சமையலறை வாசலிலேயே நின்றிருந்தாள். இந்த மனுஷனை என்ன செய்வது, சொல்லுங்கள்.

ராத்திரி அவள் பேசவில்லை. காலையிலும் பேசவில்லை. இன்று மதியச் சமையலை முடித்துவிட்டு முதுகுப்பையை மாட்டிக்கொண்டாள், பனியில் சறுக்கும் ஸ்கீ பலகைகளைக் காலில் பூட்டினாள்.

"சாமான் வாங்கப் போறேன். அப்படியே அக்கா வீட்டுக்குப் போனாலும் போயிடுவேன். நீ உன் லிஃப்டோடயே குடும்பம் நடத்து" என்றாள். சரிவில் இறங்கிப் போய்விட்டாள்.

ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வேண்டாத நேரத்தில் திறக்கிற வாய், வேண்டிய நேரத்தில் பூட்டிக்கொண்டது.

சாயங்காலம் மூடுபனி இறங்கியது. பள்ளத்தைத் தாண்டி நிற்கும் தூண்கூடத் தெரியவில்லை. காற்று வேறு மேலிருந்து கீழாக ஊதியது. நாற்காலிகள் வெறுமையிலிருந்து ஒவ்வொன்றாக வந்து, சக்கரத்தைச் சுற்றி, திரும்பவும் வெறுமைக்குள் போயின. வரும் ஒவ்வொன்றிலும் சென்சி இருக்கிறாளா என்று பார்த்தான். அதை அவனிடம் கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சத்தியம் செய்திருப்பான்.

அந்த மலையில் லிஃப்ட் மூடுவது துடைப்பத்தை வைத்துத்தான். கீழ் நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆஃப்ரா, கடைசியாக ஏறுகிறவர் கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்துவிடுவாள். அது மேலே வந்துவிட்டால் அதற்குப் பின்னால் ஆள் இல்லை. போன் வந்த பிறகும் இந்த வழக்கத்தை யாரும் விடவில்லை. துடைப்பத்தைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்வதில் வெளியூர்க்காரர்களுக்குத் தனிக் குஷி.

இன்று அதைப் பிடித்துக்கொண்டு வந்தது ஹாலந்துக்காரத் தம்பதி. துடைப்பம் வந்தாயிற்று, அவள் வரவில்லை. அப்படியானால் அக்கா வீட்டுக்கே போய்விட்டாள். துடைப்பத்துக்குப் பிறகும் கொஞ்ச நேரம் காலி நாற்காலிகளை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. அவனும் இத்தனை காலம் அதை மீறியதில்லை. இன்று ஆத்திரத்தில் சாவியைத் திருகிவிட்டான். கம்பி ஒருமுறை குலுங்கி நின்றது.

போனில் ஆஃப்ராவிடம் துடைப்பம் வந்துவிட்டது என்றான். அப்படியானால் சாத்து என்றாள் அவள். சென்சியைப் பற்றிக் கேட்க நாக்கு நுனிவரை வந்தது. மானம் தடுத்தது. பெரிய மானம்!

குடிலில் விளக்குப் போடாமல் உட்கார்ந்து காய்ந்த ரொட்டியைக் கடித்தான். அந்த உருண்டை நன்றாகத்தான் இருந்தது; நாலு பேர் சிரிக்கட்டும் என்று சொன்னதுதான். நான் ஒரு முட்டாள் என்று வாய்விட்டே சொல்லிப் பார்த்தான். சொன்னதும் கொஞ்சம் தெம்பு வந்தது. அதே தெம்பில் அவளை போனில் அழைத்தான்.

மணி சமையலறையில் அடித்தது. போன் அவள் ஏப்ரன் பையில் கிடந்தது.

சரி, ஒரேயடியாக அவமானப்படுவோம் என்று அவள் அக்காவுக்கே போன் போட்டான். எடுத்த எடுப்பில் மூச்சு விடாமல் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தவனை அவள் நடுவிலேயே நிறுத்தினாள். சென்சி இங்கே வரவே இல்லையே என்றாள்.

அடுத்து ஆஃப்ரா. நல்லவேளை, அவள் இன்னும் வீட்டுக்குக் கிளம்பியிருக்கவில்லை.

"சென்சி கீழ இருக்காளா?"

"என்னடா கேக்குற? துடைப்பத்தை அவ கையிலதானே குடுத்தேன். குடுத்துட்டுப் பின்வாசல் வலையை இழுத்துக் கட்டப் போயிட்டேன். ஏன், மேல வரலையா?"

வெண்டெலின் கீழே நன்றாகத் தேடிப் பார்க்கச் சொன்னான். பார்த்துவிட்டு வந்த ஆஃப்ரா, அவளுடைய ஸ்கீ இங்கே எங்கும் இல்லை, லிஃப்டில் ஏறித்தான் இருக்க வேண்டும் என்றாள். அவன் தொப்பிகூட இல்லாமல் நிலையத்துக்கு ஓடினான். சென்சி என்று கத்தினான். காற்று அந்தக் குரலை அள்ளிப் பள்ளத்துக்குள் கொண்டுபோனது. பதில் வரவில்லை. அந்தப் பள்ளத்துக்கு மேலே நாற்காலி நின்றிருந்தால் குதிக்கவும் முடியாது. கடவுளே, குதித்திருக்கக் கூடாது.

சாவியை மிக மெதுவாகத் திருப்பினான். காலி நாற்காலி ஒன்று வந்தது. இன்னொன்று. மறுபடியும் காலி. அவன் சாமிகளையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். தேவாலயத்துக்குப் போய் வருஷக்கணக்காகிறதே என்று அந்தச் சாமிகள் கேட்டிருந்தால் பதில் சொல்ல நாதியில்லை. மேலும் மூன்று காலி நாற்காலிகள்.

பிறகு பனிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. கெட்ட வார்த்தை. கணீரென்ற, முழுசான கெட்ட வார்த்தை. அதில் அவன் பெயரும் இருந்தது. அவன் வாழ்க்கையில் அதைவிட இனிமையாக எதையும் கேட்டதில்லை.

சென்சியை அப்படியே தூக்கி இறக்கினான். முதுகுப்பையை மார்போடு கட்டிக்கொண்டு, முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். இமையிலெல்லாம் உறைபனி. பல் தந்தியடித்தாலும் திட்டு நிற்கவில்லை. அவன் ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசாமல் அவளைக் குடிலுக்குத் தூக்கிப் போனான். அடுப்பை மூட்டினான். ஆஃப்ராவுக்குச் சேதி சொன்னான். அந்தப் பக்கம் அவள் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. பிறகு சென்சியின் காலுறையைக் கழற்றி, இரண்டு பாதங்களையும் தன் சட்டைக்குள் வயிற்றோடு அழுத்திக்கொண்டான். ஐஸ் கட்டி தோற்கும்.

கொஞ்சம் சூடு ஏறிய பிறகு அவள்தான் கேட்டாள். "நான் தொங்குறது எப்படித் தெரிஞ்சது?"

பொய் சொல்ல நல்ல இடம். அவன் சொல்லவில்லை. "தெரியல. நீ என்னை விட்டுட்டுப் போயிட்டேன்னு நெனச்சேன். கோவத்துல சட்டுனு நிறுத்திட்டேன். அப்புறம் இருட்டுல உக்காந்து மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தேன். மன்னிப்புக் கேக்கலாம்னு உங்க அக்காவுக்குப் போன் போட்டப்பதான்..."

சென்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தான். அடித்தால் வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தான்.

"நீ நெனச்சதும் பொய்யில்ல" என்றாள். "போயிடலாம்னுதான் அந்தத் துடைப்பத்தை ஹாலந்துக்காரங்க கையில குடுத்தேன். அவங்க ஏறிப் போனாங்க. நான் அங்கயே நின்னேன். காலி நாற்காலியா போயிட்டே இருந்துச்சு. ஒண்ணு, இன்னொண்ணுன்னு பாத்துட்டே நின்னேன். போக மனசு வரல. ஓடி வந்து உக்காந்துட்டேன்."

அவன் அழுதான். சிரிப்பும் வந்தது. அவள் பாதத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"கால் விரல் வலிக்குது" என்றாள் சென்சி.

வலித்தால் நல்லது, உயிர் வருகிறது என்று அர்த்தம் என்றான். அவள் காலை எடுக்கவில்லை.